வாசனைக்கு வழக்குப் போட முடியுமா? மாடி வீட்டுத் துணிக்கொடியில் கிளம்பும் தகராறு

குழாயடிச் சண்டை எல்லோருக்கும் தெரியும். குப்பைத்தொட்டிச் சண்டை தெரியும். மேல் வீட்டுத் துணி கீழ் வீட்டுக்காரர் தலையில் சொட்டிய சண்டையும் தெரியும்.

இது வேறு. துணி சொட்டவில்லை. கொடி எல்லை தாண்டவில்லை. துணி பளிச்சென்று சுத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் மணக்கிறது! அந்த மணம்தான் தகராறு.

வண்டலூர் தாண்டினால் செங்கல்பட்டு வரை ஜி.எஸ்.டி. ரோட்டின் இரண்டு பக்கமும் அடுக்குமாடி வீடுகள். கூடுவாஞ்சேரி, பொத்தேரி, மறைமலைநகர், சிங்கபெருமாள் கோவில் என்று ரெயில் நிற்கிற ஊரெல்லாம் இதே காட்சி. சில இடங்களில் ஒருவர் பால்கனியில் நின்று கையை நீட்டினால் அடுத்தவர் ஜன்னல் கம்பியே தட்டும். அந்தச் சந்தில்தான் கொடி.

கொடியில் போர்வை, டவல், சட்டை. கடைசியாக அலசிய தண்ணீரில் ஒரு மூடி கண்டிஷனர். காலை 10 மணிக்குக் காயப் போட்டால், கொஞ்ச நேரத்தில் எதிர் வீட்டு அடுப்பங்கரை வரைக்கும் ரோஜா, மல்லிகை, லாவெண்டர். சாம்பார் கொதிக்கிற வாசனை கூட அமுங்கிப் போகும்.

பிடித்தவர்களுக்கு அது சொர்க்கம். வீசிங் உள்ள பெரியவருக்கு? ஒற்றைத் தலைவலிக்காரருக்கு? மசக்கையில் இருக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கு?

“வாசனை கூடவா குத்தம்?”

பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும்.

“அக்கா, தப்பா நினைக்காதீங்க. உங்க துணி வாசனை எங்க ரூமுக்குள்ளே வந்து அடைச்சுக்குது. மாமனாருக்கு மூச்சு இழுக்குது.”

“என்னம்மா பேசறே? நாத்தம் அடிச்சா சொல்லு, ஒத்துக்கறேன். வாசனை வர்றது கூடவா குத்தம்?”

“வாசனைதான்க்கா. ரொம்ப ஜாஸ்தியா இருக்கு.”

“எனக்கு ஒண்ணும் தெரியலையே! உனக்கு மட்டும் எப்படித் தெரியுது?”

அவ்வளவுதான். மறுவாரம் லிப்டில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக் கொள்வார்கள். அதற்கப்புறம் செருப்பு ஸ்டாண்டு, கார் நிறுத்தும் இடம், குழந்தை ஓடுகிற சத்தம் என்று ஒவ்வொன்றாகச் சேரும். சங்கக் கூட்டத்தில் வெடிக்கும்போது, முதலில் எதற்குக் கோபம் வந்தது என்பதே மறந்து போயிருக்கும்.

இதில் ஒரு மானப் பிரச்சினையும் இருக்கிறது. ‘உன் வீட்டுச் சத்தம் அதிகம்’ என்றால் யாரும் பெரிதாக எடுத்துக் கொள்வதில்லை. ‘உன் துணி வாடை வருகிறது’ என்றால் முகத்தில் அறைந்த மாதிரி. அது என்ன வாடை என்று கேட்கக் கூட நிற்க மாட்டார்கள். பழந்தமிழில் நாற்றம் என்றால் நல்ல மணம் என்று பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொல்லிக் கொடுத்திருப்பார். அந்த வார்த்தை இந்தப் பக்கம் வந்து கெட்ட பெயர் எடுத்து விட்டது. இப்போது வாசனைக்கும் அந்தக் கதிதான் வரும் போல் இருக்கிறது.

மூக்கு செய்கிற மோசம்

அந்த அக்கா சொன்ன கடைசி வரியைக் கவனியுங்கள். ‘எனக்கு ஒண்ணும் தெரியலையே!’

அது பொய் அல்ல. சத்தியமான வார்த்தை. சண்டைக்கு மூலகாரணமும் அதுதான்.

ஒரே வாசனையில் சில நிமிஷம் இருந்தால் மூக்கு அதைக் கணக்கில் எடுப்பதை நிறுத்தி விடும். மீன் மார்க்கெட்டுக்குள் நுழைகிறவர் மூக்கைப் பிடிப்பார். உள்ளே வியாபாரம் செய்கிற அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. பூக்கட்டுகிறவரும் அப்படியே. கூடை நிறைய மல்லிகை இருக்கும், அவர் மூக்குக்கு வெறும் நார்தான்.

தினமும் வாசனைத் துணி உடுத்தி, வாசனைப் போர்வையில் படுத்து எழுந்திருக்கிறவருக்கும் இதே நிலைமை. முதல் மாதம் கமகமவென்று இருக்கும். அப்புறம் ‘முன்னே மாதிரி மணக்க மாட்டேங்குதே’ என்று தோன்றும். ஒரு மூடி ஒன்றரை ஆகும். ஒன்றரை இரண்டு ஆகும். அவர் மூக்கில் ஏறாதது அத்தனையும் பக்கத்து வீட்டு மூக்கில் ஏறும்.

ஆக, அளவு எவ்வளவு என்று போடுகிறவருக்குத் தெரியாது. தெரிந்து கொள்கிற ஒரே ஆள் எதிர் வீட்டுக்காரர். அவர் வாயைத் திறந்தால் சண்டை!

துணியில் ஒட்டுவது எப்படி?

சோப்பு அழுக்கை எடுத்துக் கொண்டு தண்ணீரோடு போய்விடும். கண்டிஷனர் அப்படி அல்ல. போகாமல் இருப்பதுதான் அதன் வேலை. பருத்தி நூலில் மெல்லிய கொழுப்பு மாதிரி ஒரு பூச்சாகப் படிந்து விடும். அதனால்தான் துணி வழுவழுப்பாக இருக்கிறது. அதனால்தான் டவல் முன்னைப் போல் தண்ணீரை உறிஞ்சுவதும் இல்லை. ‘புது டவல், துடைச்சா ஈரமே போகலை’ என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் இதையும் யோசிக்கலாம்.

அந்தப் பூச்சோடு வாசனையும் தங்கும். பல புதுச் சரக்குகளில் இன்னொரு வித்தை உண்டு. கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் குமிழ்கள். வெளியே பிளாஸ்டிக் மாதிரி ஓடு, உள்ளே வாசனை எண்ணெய். துணி உரசினால் உடையும். நடந்தால், உட்கார்ந்தால், மடித்தால் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்து மணம் விடும். ‘வாரக் கணக்கில் மணம்’ என்று விளம்பரம் சொல்வதற்கு இதுதான் ரகசியம். காலை நேர பீச் லோக்கலில் நெரிசலில் நிற்கிறபோது திடீரென்று யார் சட்டையோ மணக்கிறதே, அதில் இந்த உரசலுக்கும் பங்கு உண்டு.

இஸ்திரி வண்டிக்காரரை மறந்து விடக் கூடாது. சூட்டில் வாசனை ஆவியாகக் கிளம்பும். பத்து வீட்டுத் துணி, பத்து விதமான மணம், எல்லாம் அவர் முகத்துக்கு நேரே! அவர் யாரிடம் போய்ப் புகார் சொல்வார்?

ஐரோப்பிய நாடுகள் இந்தக் குமிழ்களைப் பிடித்து விட்டன. வாசனைக்காக அல்ல, பிளாஸ்டிக்குக்காக. வேண்டுமென்றே சேர்க்கப்படும் நுண் பிளாஸ்டிக்குக்கு 2023-ம் ஆண்டு அங்கே கட்டுப்பாடு கொண்டு வந்தார்கள். வாசனைக் குமிழுக்கு 2029 அக்டோபர் வரை அவகாசம் கொடுத்திருக்கிறார்கள்.

கடற்கரையில் இன்னும் மோசம்

மாமல்லபுரம் பக்கம் வாருங்கள். இங்கே வாசனை ஊற்றுவதற்கு நியாயமான காரணம் ஒன்று உண்டு. துணி காய்வதில்லை!

கடல்காற்றில் உப்பு. உப்பு ஈரத்தை இழுக்கும். சாயங்காலம் வரை கொடியில் கிடந்த துணியும் தொட்டால் சில்லென்று இருக்கும். மழைக்காலத்தில் சொல்லவே வேண்டாம். மூன்று நாள் வீட்டுக்குள் தொங்கிய சட்டையை எடுத்துப் போட்டால் ஈர வாடை ஆளைத் தூக்கும். லாட்ஜ்காரர்கள் நிலைமை அதைவிடக் கஷ்டம். விருந்தாளி வந்து போர்வையை முகர்ந்து பார்ப்பார் என்ற பயம்.

அந்த ஈர வாடைக்குக் காரணம் ஒரு பாக்டீரியா என்று ஜப்பானில் காவ் என்ற கம்பெனியைச் சேர்ந்தவர்கள் 2012-ம் ஆண்டு கண்டுபிடித்துச் சொன்னார்கள். துவைத்த துணியிலும் அது பிழைத்திருந்து, ஈரத்தில் பெருகுகிறதாம். கண்டிஷனர் ஊற்றினால் வாடை மறையும். வாடைக்கு மூலமான பூச்சி அங்கேயேதான் இருக்கும்.

பழைய வெள்ளாவிக்கு இருந்த மகிமை இதுதான். உவர்மண்ணில் ஊறவைத்து, பானையில் ஆவி ஏற்றி, வெயிலில் விரித்தால் எந்தப் பூச்சியும் நிற்காது. அப்புறம் துணியில் ஒரு மணமும் இருக்காது. வெயில் வாசம் மட்டும்தான்.

இனி காற்று. கடற்கரையில் வெயில் ஏற ஏற, மத்தியானத்துக்கு மேல் கிழக்கே இருந்து கடல்காற்று கிளம்பும். அப்போது உங்கள் கொடிக்கு மேற்கே இருக்கிற ஜன்னலுக்குத்தான் முழு வாசனையும். ஜூன் முதல் செப்டம்பர் வரை காலை வேளையில் மேல்காற்று. அப்போது கிழக்கு வீட்டுக்காரர் மாட்டுவார். கடலுக்குப் போகிறவர்கள் காற்றைப் பார்த்துத்தான் வலையை எடுப்பார்கள். காற்றைப் பார்த்துக் கொடி கட்டுகிறவர்தான் குறைச்சல்.

ஒரு வேடிக்கை. பட்டிப்புலம், தேவனேரி, கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் எல்லாம் மீன்பிடிக்கிற ஊர்கள். மணலில் கருவாடு காயும். அது அவர்கள் பிழைப்பு. பங்களாக்கள் வருவதற்கு ரொம்ப காலம் முன்பிருந்தே அங்கே காய்கிற மீன் அது. அந்த வாடையைக் கேட்டு முகம் சுளிக்கிறவர்கள், தங்கள் மாடியில் காய்கிற படுக்கை விரிப்பு எத்தனை தூரம் அடிக்கிறது என்று நினைத்துப் பார்ப்பது இல்லை.

பாட்டில் வாங்க வசதி இல்லாதவர்களுக்கும் இப்போது வாசனை எட்டி விட்டது. பெட்டிக் கடையில் சரம் சரமாக சாஷே தொங்குகிறது. சாமான்யர் கைக்கு ஷாம்பை சாஷேயில் கொண்டு வந்த சின்னிகிருஷ்ணன் இதே கடற்கரையில் தெற்கே இருக்கிற கடலூர்க்காரர்தான். அது நல்ல வித்தை, குறை சொல்ல முடியாது. ஆனால் சாஷேயில் மூடி இல்லை, அளவு இல்லை. ஒரு வாளிக்கு ஒரு பாக்கெட். இரண்டு சட்டை என்றாலும் அதேதான்.

ஜப்பானில் போஸ்டர் ஒட்டினார்கள்

இந்தத் தகராறு நம் ஊருக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம்.

ஜப்பானில் இது பெரிய விவகாரம். அங்கே இதற்கு ஒரு பெயரே வைத்து விட்டார்கள். ‘கோகாய்’. அவர்கள் பாஷையில் தொழிற்சாலைப் புகை, கழிவு போன்ற மாசுக்கும் உச்சரிப்பு அதுதான். ஓர் எழுத்தை மட்டும் மாற்றி ‘வாசனைத் தீங்கு’ என்று ஆக்கிக் கொண்டார்கள்.

கண்டிஷனர் வாசனையால் தலைவலி, குமட்டல் என்று புகார்கள் வந்ததால், அந்நாட்டு அரசின் நுகர்வோர் மையம் 2013-ம் ஆண்டு எச்சரிக்கை வெளியிட்டது. 2020-ல் மறுபடியும் சொன்னது. உங்களுக்கு இதமாக இருப்பது அடுத்தவருக்கு உபத்திரவமாக இருக்கலாம், அளவோடு போடுங்கள் என்பதுதான் சாரம். 2021-ல் கல்வி, சுகாதாரம், சுற்றுச்சூழல் உள்பட ஐந்து அரசுத் துறைகள் சேர்ந்து இதற்காகப் போஸ்டர் வெளியிட்டன. தடை போடவில்லை. கேட்டுக் கொண்டார்கள், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் ஆன் ஸ்டைன்மன் என்ற பேராசிரியை, வீடுகளில் துணி உலர்த்தும் டிரையர் எந்திரத்திலிருந்து வெளியே போகிற காற்றைப் பிடித்துச் சோதித்தார். 2011-ல் முடிவு வந்தது. வாசனைச் சலவைப் பொருள் போட்டபோது அந்தக் காற்றில் 25-க்கும் மேற்பட்ட ரசாயனங்கள் இருந்தன. பென்சீன், அசிட்டால்டிஹைடு அதில் உண்டு. 2016-ல் அவர் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், அமெரிக்கர்களில் 100-க்கு சுமார் 12 பேர், டிரையர் குழாயிலிருந்து வரும் சலவை வாசனையால் உடம்புக்கு ஏதாவது செய்கிறது என்று சொல்லியிருந்தார்கள்.

இதை அப்படியே நம் ஊருக்கு மாற்றிச் சொல்ல முடியாது. நமக்கு டிரையர் இல்லை, கொடிதான். சூடும் வேறு, காற்றும் வேறு. ஆனால் ‘எல்லாம் மனப்பிராந்தி’ என்று பக்கத்து வீட்டம்மாவைத் தட்டிக் கழிப்பதற்கும் இனி இடமில்லை. ஆஸ்துமா உள்ள பலருக்கு நெடியான வாசனை இழுப்பைக் கிளப்பி விடும் என்பது டாக்டர்கள் வழக்கமாகச் சொல்கிற விஷயம்.

பழைய வாசனைகள் எல்லாம் சாது என்றும் எண்ண வேண்டாம். பெட்டியில் போடுகிற அந்துருண்டை இருக்கிறதே, அதன் நெடி ஏறிய துணியைப் பச்சைக் குழந்தைக்குப் போடக் கூடாது. ரத்தத்தில் ஒரு வகைக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அதனால் ரத்த அணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வந்த சம்பவங்கள் உண்டு.

போலீசுக்குப் போனால்?

சரி, பொறுக்க முடியாமல் போலீஸ் நிலையத்துக்குப் போகிறார் ஒருவர் என்று வைத்துக் கொள்வோம். எழுத்தர் என்ன பிரிவு போடுவார்?

1860-ம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தில் 278-வது பிரிவு என்று ஒன்று இருந்தது. காற்றைக் கெடுத்து அக்கம்பக்கத்தாரின் ஆரோக்கியத்துக்குக் கேடு செய்தால் 500 ரூபாய் வரை அபராதம். 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 280-வது பிரிவு. அபராதம் 1,000 ரூபாய் வரை.

ஆனால் சட்டத்தில் ஒரு முடிச்சு. காற்று ‘பொதுவாக மக்களுக்கு’க் கெடுதலாக ஆகியிருக்க வேண்டும். ஒரு பெரியவருக்கு மூச்சு இழுத்தது போதாது. அந்தக் காலத்தில் சட்டம் எழுதியவர்கள் எலும்புக் கிடங்கையும் தோல் ஊறவைக்கிற தொட்டியையும் நினைத்திருப்பார்கள். லாவெண்டரை நினைத்திருக்க மாட்டார்கள்.

மாஜிஸ்திரேட்டிடம் போகும் வழி ஒன்று உண்டு. முன்பு 133-வது பிரிவு, இப்போது புதிய நடைமுறைச் சட்டத்தில் 152. பொதுத் தொல்லையை அகற்றச் சொல்லி உத்தரவு போடலாம். 1978-ல் ஒரு பேக்கரி அடுப்புப் புகை வழக்கு இப்படித்தான் சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. நேரில் போய்ப் பார்த்த மாஜிஸ்திரேட்டு சொன்னதை ஏற்பதே நல்லது என்று கூறி, அடுப்பையும் புகைபோக்கியையும் இடிக்க உத்தரவிட்டார்கள். ஆனால் அது புகை. தெருவே பாதிக்கப்பட்டது. துணிக்கொடிக்கு யார் புல்டோசர் கொண்டு வருவார்?

சிவில் கோர்ட்டு? அங்கேயும் கதவு பாதிதான் திறந்திருக்கிறது. 1982-ல் அலகாபாத் ஐகோர்ட்டில் ஒரு டாக்டர் ஜெயித்தார். அவருடைய கிளினிக் பக்கத்தில் செங்கல் அரைக்கும் எந்திரம். தூசி பறந்து வந்து துணியில் சிவப்பாகப் படிந்தது. கோர்ட்டு தடை கொடுத்தது. அங்கே தொல்லை துணியில் கண்ணுக்குத் தெரிந்தது. வாசனை எதில் படிந்து தெரியும்?

இன்னொன்று 1889-ல் இங்கிலாந்தில் நடந்தது. அதுவும் மேல் வீடு - கீழ் வீடு தகராறுதான். கீழே இருந்தவர் தன் தொழிலுக்காகச் சூடு ஏற்றினார். மேலே ஒருவர் வைத்திருந்த பழுப்புக் காகிதம் வீணானது. சாதாரணச் சரக்குக்கு ஒன்றும் ஆகாது, உன் சரக்கு ரொம்ப மென்மையானது என்று சொல்லி வழக்கைத் தள்ளி விட்டார்கள். வீசிங் உள்ளவரையும் ‘உங்கள் உடம்பு ரொம்ப மென்மை’ என்று எதிர் வக்கீல் சொல்ல முடியும்.

‘இனிமேல் வாசனை வரும்’ என்ற பயத்தை வைத்து முன்கூட்டியே தடை வாங்குவதும் சுலபமல்ல. பக்கத்து வீட்டு அடுப்பு சம்பந்தமான வழக்கில், ஆபத்து உடனடியானது என்று காட்ட வேண்டும் என 2000-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது.

சத்தத்துக்கு அளவு இருக்கிறது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. மீட்டர் வைத்துப் பார்த்து விடலாம். வீட்டு வாசனைக்கு மீட்டரும் இல்லை, எண்ணும் இல்லை. ஐரோப்பாவில் சலவைப் பொருளில் அலர்ஜி தரக்கூடிய வாசனைப் பொருள்களின் பெயரை உறையில் போட வேண்டும் என்று 2004-லிருந்தே சட்டம் உண்டு. நம் ஊர் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். ‘வாசனைப் பொருள்’ என்ற ஒரு வார்த்தை இருந்தாலே பெரிய விஷயம்.

கதவைத் தட்டுவதுதான் பாக்கி

ஆகவே போலீசும் இல்லை, கோர்ட்டும் சந்தேகம். மிச்சம் இருப்பது அடுக்குமாடிச் சங்கம். துணி எங்கே காயப் போடலாம் என்று சங்கம் விதி வைக்கலாம். மொட்டை மாடியில் கொடி கட்டி, பால்கனியை விட்டு விடச் சொல்லலாம். மாடியில் காற்று எடுத்துக் கொண்டு போய்விடும். சந்தில் மாட்டிய வாசனைக்குத்தான் போக வழி கிடையாது.

யார் பக்கம் நியாயம் என்று கேட்டால், மூச்சு இழுக்கிறவர் பக்கம்தான். துணி மணக்காவிட்டால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் அவரும் ‘உங்க துணி நாறுது’ என்று ஆரம்பித்தால் காரியம் கெட்டது. எந்த நேரத்தில் வருகிறது, யாருக்கு என்ன செய்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். டாக்டர் சீட்டு இருந்தால் காட்டலாம். அரை மூடி போதாதா, போர்வைக்கும் டவலுக்கும் மட்டும் வேண்டாமே என்று கேட்கலாம். டவல் உறிஞ்சாத கதையையும் சேர்த்துச் சொன்னால் பாதிப் பேர் தாமாகவே நிறுத்தி விடுவார்கள்.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் கொடி எல்லாம் வீட்டுக்குள் வந்து விடும். ஹாலில் ஒரு கயிறு, மின்விசிறிக்குக் கீழே ஒரு ஸ்டாண்டு. ஜன்னல் அடைத்திருக்கும். அந்த இரண்டு மூன்று மாதம் எதிர் வீட்டுக்காரர் தப்பித்தார். ஊற்றின இரண்டு மூடியும் ஊற்றினவர் வீட்டுக்குள்ளேயே, அவர் பிள்ளைகள் படுத்துத் தூங்குகிற அறையிலேயே சுற்றிக் கொண்டிருக்கும்.